வெள்ளைக் கயிறு கட்டிய பரணி

எஸ்டேட் லாரி மலையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, நர்ஸ் லீலாபாய் கொல்லைப்புறத்தில் கட்டுத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். ஆனி மாதச் சாரல். காலையிலிருந்து வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கீரிப்பாறைக்கு மேலே மேகம் சீக்காளி மாதிரி படுத்துக் கிடந்தது. லாரியின் பின்பக்கம், ரப்பர் ஷீட் கட்டுகளுக்கு நடுவிலிருந்து அவள் புருஷன் ஜேசுதாஸ் பைய இறங்கினான். இறங்கிய இடத்திலேயே முழங்காலில் கை ஊன்றி நின்று மூச்சு வாங்கினான்.

"ஏட்டி, ஒரு வாய் தண்ணி தா."

"ஆடி அசைஞ்சு வாறதப் பாரு, மாப்பிள ஊர்கோலம் மாதிரி," என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

அவன் தண்ணீரைக் குடித்து முடித்துச் சொன்னான். "தொரைக்கு டாக்டருக்க எழுத்து வேணுமாம். நெஞ்சு படம் எடுத்து, ஓட்டம் செரியில்லன்னு எழுதித் தந்தா கீழ நாத்துப் பண்ணையில வேல தருவானாம். இல்லன்னா திங்கக்கெழம மேல ஷீட் அடிக்குத ரோளருக்கு ஏறிரணும்."

"நாளைக்கு எடுக்கலாம். நான் விடிஞ்சதுலேருந்து நிக்கேன்."

"லாரி நாளைக்கு வெள்ளனவே ஏறும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "பொன்னுலிங்கம் நின்ன அதே ரோளராக்கும் எனக்குத் தந்திருக்கு. நானும் அவன் போன வழிதான்னு எல்லாவனும் சொல்லுதானுவ."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன.

அந்தப் பெயரை அவள் கேட்க விரும்பவில்லை. பொன்னுலிங்கம் போன மாதம்தான் இதே ஆஸ்பத்திரியில், மெஷின் அறைக்கு வெளியே கிடக்கிற பெஞ்சில், உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தான்.

மெஷின் என்றால், நெஞ்சுத் துடிப்பைப் படம் எடுக்கிற மெஷின். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தில் அது மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு பெரிய அதிசயம்தான். சீமையில் ஏதோ ஒரு சபையார் புதிது வாங்கிவிட்டு, பழசை இங்கே அனுப்பி வைத்திருந்தார்கள். ஒரு மேசை நிறையப் பெட்டிகள், பாட்டரி, விளக்கு. காந்தத்துக்கு நடுவே சிலந்தி நூலைவிட மெல்லிய ஓர் இழை. சீக்காளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டும். நெஞ்சு துடிக்கும்போது இழை ஆடும். ஆடுகிற இழையின் நிழல், ஓடுகிற பிலிமில் விழும். பிலிமை இருட்டறையில் கழுவினால் கோடு தெரியும்.

கூடவே வந்த கண்ணாடித் தொட்டிகள் வழியிலேயே உடைந்துவிட்டன. அதனால் கோட்டாறு சந்தையில் வாய் அகன்ற ஊறுகாய்ப் பரணி இரண்டு வாங்கி, கையெல்லாம் அதில். காலுக்கு ஒரு மண்சட்டி. முதல் நாளே தகராறு வந்தது. கழுவுகிற கை போன பரணியில் சோறு தின்கிற கையை வைக்க மாட்டேன் என்று ஆளாளுக்கு முறைத்தார்கள். ஆகவே லீலாபாய் ஒரு பரணியின் கழுத்தில் வெள்ளைக் கயிறு கட்டினாள். அது சோற்றுக் கைக்கு மட்டும். ஒவ்வொரு ஆளுக்கும் புதுத் தண்ணீர். கிணறு சரிவுக்குக் கீழே இருந்தது. தூக்கித் தூக்கி அவள் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

டாக்டர் ஞானையனுக்கு அவளைவிட வயது குறைவு. மெஷினோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரும் புதிதாகத்தான் படித்துக்கொண்டிருந்தார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அகப்பட்டவள் லீலாபாய்.

"லீலாக்கா, இஞ்ச பாருங்க. முதல்ல ஒரு சின்ன மேடு. அது மேலறை கூப்பிடுறது. அடுத்தாப்புல மருந்துவாழ் மலை மாதிரி கூரா ஒண்ணு. அது கீழறை பதில் சொல்லுறது. கடைசியில உருண்டையா ஒரு மேடு. அது களைப்பாறுறது. கூப்பிடு, பதில், களைப்பாறு. வேற ஒண்ணும் இல்ல."

"களைப்பாறுற மேடு எனக்கு மட்டும் இல்ல போலிருக்கு டாக்டரே," என்பாள் அவள்.

மேடும் மலையும் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் படங்கள் கெட ஆரம்பித்தன.

பொன்னுலிங்கம் செத்த பிறகு எடுத்த எந்தப் படமும் சுத்தமாக வரவில்லை. ஒவ்வொருவருடைய துடிப்புக்கும் நடுவே இன்னொரு துடிப்பு விழுந்தது. மங்கலாக, மெதுவாக. தலைகீழாக. குளத்தில் தெரியும் மலை மாதிரி. தேங்காப்பட்டணத்து மீன் வியாபாரி மைதீன் கனியின் படத்திலும் அது இருந்தது. உபதேசியாரின் படத்திலும் இருந்தது. பாட்டரி ஈரம் என்றார் டாக்டர். பிறகு காந்தம் என்றார். இரண்டையும் கழற்றித் துடைத்தார். அது போகவில்லை.

படம் விழும்போதெல்லாம் அறையில் ஒரு வாடை வரும். புளித்த ரப்பர் பால் வாடை. எஸ்டேட் ஆட்கள் வருகிற இடம், வாடை இல்லாமல் இருக்குமா என்று அவள் தன்னையே சமாதானம் பண்ணிக்கொள்வாள்.

ஆனால் மைதீன் கனி மலைப்பக்கமே போகாதவர்.

ஜேசுதாஸை நாற்காலியில் உட்கார வைத்தாள். பரணிகளில் புதுத் தண்ணீர், புத்தளத்து உப்பு. வலது கை கயிறு கட்டிய பரணியில், இடது கை மற்றதில், இடது கால் சட்டியில். திரையை இழுத்து மூடிவிட்டு, அவளும் டாக்டரும் மெஷின் பக்கம் நின்றார்கள்.

"அசையப்படாது மக்கா," என்றார் டாக்டர்.

"அசைய எனக்கு எங்க சீவன் இருக்கு," என்றது திரைக்கு அப்பாலிருந்து குரல்.

பிலிம் ஓடியது. அவனை வெளியே பெஞ்சில் சாயச் சொல்லிவிட்டு, இருவரும் இருட்டறைக்குள் போனார்கள். அது பழைய விறகுப் புரை. சன்னல் இடுக்கெல்லாம் சாணித் தாள் ஒட்டி அடைத்திருந்தது. சிவப்பு விளக்கில் மருந்துத் தண்ணீர் ரத்தம் மாதிரி தெரிந்தது. கோடு மெதுவாகக் கறுத்து வந்தது.

இரண்டு துடிப்பு.

நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. இந்தத் தடவை தலைகீழானது மங்கலாக இல்லை. ஜேசுதாஸின் துடிப்பின் மேலேயே ஏறிக் கிடந்தது.

டாக்டர் பிலிமைச் சிவப்பு விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "இத வச்சு எப்படி எழுதித் தர? எது அவருக்க துடிப்பு, எது மெஷினுக்க கோளாறுன்னு எனக்குத் தெரியல்ல."

"தெரியல்லன்னா திங்கக்கெழம அவரு மேல போவாரு டாக்டரே."

"தெரியும் அக்கா. பொய் எழுதச் சொல்லுதியளா?"

"வாசிக்கச் சொல்லுதேன்," என்றாள். அதைச் சொல்லக்கூட அவளுக்குச் சத்து இல்லை.

டாக்டர் எழுந்தார். கோளாறு மெஷினில்தானா என்று பார்த்துவிடுவோம் என்றார். ஆள் இல்லாமல், பரணிகளும் தண்ணீரும் கம்பியும் மட்டும் வைத்து ஒரு படம். கோடு நேராக வர வேண்டும். இழை சும்மா நடுங்கினால் நடுக்கம்தான் வர வேண்டும்.

பிலிமை ஓட்டினார்கள். கழுவினார்கள்.

பரணியில் கை இல்லை. நாற்காலியில் ஆள் இல்லை.

படத்தில் துடிப்பு இருந்தது.

தலைகீழாக, ஒன்றன்பின் ஒன்றாக, பிலிமின் முனை வரைக்கும்.

புளித்த பால் வாடை அறையை நிறைத்தது.

"ஆண்டவரே," என்றாள் லீலாபாய், பிரார்த்தனையாக இல்லை, சலிப்பாக. இதற்குமேல் பயப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். "படம் தலைகீழா விழணும்னா ஒரே வழிதான் இதுல போட்டிருக்கு. வலது கை இருக்க வேண்டிய எடத்துல இடது கை இருக்கணும்."

"நான் ஒருத்தருக்கும் மாத்தி வச்சதில்ல."

"வச்சவரு நீங்க இல்லன்னா?"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பொன்னுலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து இலையில் கட்டிக்கொண்டு வந்த மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். இடது கையால். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் உள்ளே சுருண்டு. எப்போதோ ரோளரில் பாதி போன விரல்கள். சோற்றை அள்ள வராது. அதனால் இடது கையால் தின்றான். கழுவுவது முதலான மிச்ச வேலைக்கெல்லாம் அந்த மொட்டைக் கை.

அவன் முறை வந்தபோது, அவள் அவன் வலது கையைக் கயிறு கட்டிய பரணியில் வைத்துவிட்டுத் திரையை மூடினாள். திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சளக்கென்றது. அவள் கவனிக்கவில்லை.

"அவரு மாத்திட்டாரு டாக்டரே," என்றாள். "கழுவுற கைய சோத்துக் கைப் பரணியில வைக்க அவருக்கு மனசு வரல்ல. அடுத்தாளுக்கு அசிங்கமில்லியான்னு நெனச்சிருப்பாரு. பாவம் மனுஷன், மரியாத பாத்து மாத்தி வச்சிட்டாரு."

கெட்டுப் போன பிலிம்களைப் போடுகிற தகர டப்பாவை டாக்டர் கவிழ்த்தார். பொன்னுலிங்கத்தின் படம் அடியில் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து, கம்பியைத் தானே தப்பாக மாட்டிவிட்டதாக நினைத்து, "படம் செரியில்ல, நாளைக்கு வாரும்" என்று சொல்லியிருந்தார். பொன்னுலிங்கம் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போகிற வருகிற நேரமெல்லாம் லீலாபாயிடம் ஒரே கேள்விதான்.

"படம் நல்லா விழுந்துதா சிஸ்டரம்மா?"

பொழுது மங்கின நேரத்தில் அவள் கஞ்சி வேண்டுமா என்று கேட்கப் போனபோது அவன் பதில் சொல்லவில்லை.

டாக்டர் இப்போது அந்தப் பழைய பிலிமை எடுத்து, கை மாறியதைக் கணக்கில் வைத்து, மேல்கீழாகத் திருப்பிப் பிடித்தார். சின்ன மேடு, சின்ன மேடு, சின்ன மேடு. எங்கோ ஓர் இடத்தில், சம்பந்தமே இல்லாமல், ஒரு மலை. கூப்பிடுவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பதில் தன் இஷ்டத்துக்கு எப்போதாவது வந்தது.

"இத அன்னைக்கு வாசிச்சிருந்தா, அந்த ஆள நடக்க விட்டிருக்க மாட்டேன்," என்றார். "கட்டில்ல படுக்க வச்சிருப்பேன்."

பிறகு ஜேசுதாஸின் பிலிமை எடுத்தார். தலைகீழாக உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு, நேராக உள்ளதை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். "ஒங்க வீட்டுக்காரருக்கு, கூப்பிட்டா உடனே பதில் வருது. நெஞ்சு கேடில்ல போலிருக்கு. புகைப்புரையில நின்னு நின்னு மூச்சுக்குழல் கெட்டிருக்கலாம், அதுக்கு மருந்து உண்டு. ஆனா ரெண்டும் பின்னிக் கெடக்கு அக்கா. சுத்தமா ஒரு படம் கிட்டினாத்தான் நான் எதையும் உறுதியா சொல்ல முடியும்."

"அப்பம் இவருக்க படத்தச் செரியா எடுத்து, இவர எறக்கணும்," என்றாள் லீலாபாய். 'இவர்' என்று அவள் காட்டியது பொன்னுலிங்கத்தின் படம் கிடந்த தகர டப்பாவை.

அவள்தான் அதைச் செய்தாள். பொன்னுலிங்கம் எந்தக் கையை எங்கே வைப்பான் என்று தெரிந்துவிட்டதால், பரணிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கம்பிகளை மட்டும் மாற்றி மாட்டினாள். காலி நாற்காலியை நேராக்கினாள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"வாரும் அண்ணாச்சி, இரியும். ஒமக்குத் தோதுப்பட்டபடி கைய வையும். நாங்க செரியா எடுக்கோம்."

சாரல் ஓட்டின் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, பரணிகளில் தண்ணீர் உயர்ந்தது.

முதலில் கயிறு இல்லாததில். அப்புறம் கயிறு கட்டியதில். கை உள்ளே போனால் உயருமே, அப்படி. விளிம்பு வரை வந்து, ஒரு துளி வழிந்து, வெள்ளைக் கயிறு நனைந்தது.

டாக்டர் திரையைக்கூட மூடவில்லை. பிலிமை ஓட்டினார்.

படம் நேராக வந்திருந்தது. இதுவரை அந்த மெஷினில் விழுந்த படங்களிலேயே அவ்வளவு தெளிவானது இல்லை. டாக்டர் ஈரப் பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நின்று, சீக்காளியிடம் சொல்வது போலவே சொன்னார்.

"ஒமக்க நெஞ்சுல மேலறை கூப்பிடுது, கீழறை கேக்கல்ல. நீரு மலை ஏறப்படாது. கெடந்து ஓய்வெடுக்கணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல்ல. இப்பம் சொல்லுதேன்."

வாடை மெல்லக் குறைந்தது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, பாரம் இறங்கினாற்போல.

லீலாபாய் சுவரில் சாய்ந்தாள். அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கம்பிகளைப் பழையபடி மாட்டினாள். ஒவ்வொன்றையும் விரலால் தடவிச் சரிபார்த்தாள். பிலிம் இன்னும் ஒரு படத்துக்குத்தான் இருந்தது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஜேசுதாஸை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

தண்ணீர் மாற்ற வேண்டும். கிணறு கீழே இருந்தது. சரிவு வழுக்கும். வெளியே மங்கிக்கொண்டு வந்தது. அவளுடைய முழங்கால் மாட்டேன் என்றது.

இதில் இவரைத் தவிர யாரும் கை வைக்கவில்லையே, என்று நினைத்துக்கொண்டாள். காலி நாற்காலிதானே. ஒரு நாள்தானே.

ஜேசுதாஸின் மணிக்கட்டுகளை அவளே பிடித்து, வலது கையைக் கயிறு கட்டியதிலும் இடது கையை மற்றதிலும் இறக்கினாள். இரண்டு பரணியிலும் தண்ணீர் இன்னும் விளிம்பு வரை நின்றுகொண்டிருந்தது.

இரண்டு கை உள்ளே போயும், ஒரு துளிகூட வழியவில்லை.

அவளுக்கு அது கண்ணில் பட்டது. மனதில் படவில்லை. அவ்வளவு அசதி.

"ஏட்டி, தண்ணி சூடா இருக்கே," என்றான் ஜேசுதாஸ். அதன் பிறகு அவன் பேசவில்லை.

இருட்டறையில் கோடு கறுத்து வந்தது. ஒரே துடிப்பு. பின்னல் இல்லை, மங்கல் இல்லை. டாக்டர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"கம்பிய மாத்தி மாட்டல்லியா அக்கா? தலைகீழா இருக்கே."

"மாட்டினேன். நானே தொட்டுப் பாத்தேன்."

அவர் விளக்கோடு போய் ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பிலிமைத் திருப்பிப் பிடித்தார். சின்ன மேடு, சின்ன மேடு, சின்ன மேடு. வெகுநேரம் கழித்து, யாரையும் கேட்காமல், ஒரு மலை.

"முதல்ல பாத்தப்பம் இவருக்கு நல்லாத்தானே இருந்து," என்று முணுமுணுத்தார். தான் வாசித்ததில் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பின்னிக் கெடந்ததுல நான் தப்பா பாத்திருப்பேன். இந்த நெஞ்ச வச்சுகிட்டு மலை ஏற முடியாது. எழுதித் தாறேன் அக்கா. அவரு இனி கீழயே இருக்கட்டும்."

அவள் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி அடுக்களையில் மிச்சமிருந்த கிழங்கும் சாளைக் கறியும் ஒரு தட்டில் போட்டு, விளக்கையும் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். உதட்டில் நீலம் போயிருந்ததா இல்லையா, அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, அது நல்லதுதான். மூச்சுச் சத்தமே கேட்கவில்லை.

"இஞ்ச பாருங்க, எழுதித் தாறேன்னுட்டாரு. மேல போவண்டாம்," என்றாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் தட்டைப் பார்த்தான். இடது கையை நீட்டிக் கிழங்கைப் பிட்டான். கறியில் தொட்டு, ஒரு துணுக்கும் சிந்தாமல், வெகுநாள் பழகினவன் மாதிரி வாயில் போட்டான். வலது கை மடியில் கிடந்தது. முழுசாக உள்ள விரல்கள் எல்லாம் உள்ளே சுருண்டிருந்தன.

லீலாபாய் விளக்கை அந்தக் கைக்கு அருகே கொண்டுபோனாள்.

அவன் மென்று விழுங்கினான். பிறகு தலை நிமிர்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"படம் நல்லா விழுந்துதா சிஸ்டரம்மா?"